ஆற்றைக் கண்காணிக்கும் சிறு கணினி

கிள்ளான் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மலைச்சரிவில் பிறக்கும் இந்த ஆறு, கோலாலம்பூரின் மையத்தில் கோம்பாக் ஆற்றோடு கலக்கிறது. பிறகு பிரிக்பீல்ட்ஸின் ஓரமாகச் சென்று, ஷா ஆலம், கிள்ளான் ஆகிய நகரங்களைக் கடந்து மலாக்கா நீரிணையை அடைகிறது. இந்த ஆற்றங்கரையில்தான் தலைநகரம் தோன்றி வளர்ந்தது. அதனால் ஆற்றின் சீற்றத்தையும் அது பலமுறை எதிர்கொண்டிருக்கிறது.

1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்புக் கூரை வேய்ந்த மரவீடுகள் அழிந்தன. அதன்பின் நகரத்தைச் செங்கல்லால் கட்ட முடிவு செய்யப்பட்டது. அதற்கான செங்கல் சூளைகள் அமைந்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். 1971ஆம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் ஒரு பெருவெள்ளம் தலைநகரை மூழ்கடித்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்பட்ட வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான் முதலிய பகுதிகள் பெரும் பாதிப்புக்கு உள்ளாயின. மக்கள் பலர் வீட்டுக்கூரைகளின்மீது ஏறி நின்று உதவிக்காகக் காத்திருந்தனர்.

மழையைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால், ஆற்றின் நீர்மட்டம் உயர்வதை ஒரு மணி நேரம் முன்னதாக அறிந்தால், முதியோரையும் குழந்தைகளையும் மேட்டுப்பகுதிக்கு அழைத்துச் செல்ல முடியும். இதற்காகவே நீர்ப்பாசன, வடிகால் துறை நாடெங்கும் ஆறுகளின் நீர்மட்டத்தை அளந்து, இணையத்தின் வழியாகப் பொதுமக்களுக்கு அறிவிக்கிறது. அந்த அறிவிப்பில் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகள் உள்ளன.

தலைநகரில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கமும் இத்தகைய அளவீடுகளை நம்பியே இயங்குகிறது. 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சுரங்கத்தின் ஒரு பகுதி, மழையற்ற காலத்தில் வாகனங்களுக்கு வழிவிடுகிறது. கனமழையின்போது சாலைக்குக் கீழுள்ள பகுதி வழியாக நீர் திருப்பிவிடப்படுகிறது. பெருவெள்ளம் வந்தால் வாகனங்கள் அனைத்தும் வெளியேற்றப்பட்டு, சுரங்கம் முழுவதும் நீருக்காகத் திறக்கப்படுகிறது. எந்த நேரத்தில் எதைச் செய்வது என்னும் முடிவுக்கு, ஆற்றைப் பற்றிய சரியான எண்கள் தேவை.

அந்த எண்களை இரவும் பகலும் சேகரித்து அனுப்பும் வேலையை மனிதரால் ஓய்வின்றிச் செய்ய இயலாது. அவ்வேலைக்கு உகந்தது, லினக்ஸ் இயங்குதளம் பதிக்கப்பட்ட சிறிய தொழில்துறைக் கணினி. அதை எவ்வாறு பணிக்கு ஆயத்தப்படுத்துவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திரையில்லாக் கணினி

வீட்டில் பயன்படும் கணினியில் பல வேலைகளைச் செய்யலாம். கடிதம் எழுதலாம், படம் பார்க்கலாம், விளையாடலாம். ஆனால், ஒரே வேலைக்காக ஒரு கருவிக்குள் பொதிந்து வைக்கப்படும் கணினிகளும் உண்டு. அவை உட்பொதி கணினிகள் எனப்படும். சலவை இயந்திரம், சாலைக் கட்டணச் சாவடி, போக்குவரத்து விளக்கு, மருத்துவமனைக் கருவி ஆகியவற்றுள் இத்தகைய கணினிகள் மறைந்திருந்து பணியாற்றுகின்றன.

தொழில்துறைக்கென உருவாக்கப்படும் உட்பொதி கணினி ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தின் அளவே இருக்கும். அதில் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. பெரும்பாலானவற்றில் காற்றாடிகூட இல்லை. காற்றாடி சுழன்றால் தூசும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும்; சில ஆண்டுகளில் அதுவும் தேய்ந்துவிடும். ஆகவே, உலோக உறையே வெப்பத்தை வெளியேற்றுமாறு இக்கணினி வடிவமைக்கப்படுகிறது. சுழலும் வட்டுக்குப் பதிலாக, பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட நினைவகச் சில்லில் தரவு சேமிக்கப்படுகிறது. மின்பெட்டிக்குள் இருக்கும் 35 மில்லிமீட்டர் அகல உலோகத் தண்டவாளத்தில் இதைப் பொருத்தலாம். வெயிலில் கொதிக்கும் ஆற்றங்கரைப் பெட்டியிலும் இது பல ஆண்டுகள் உழைக்க வேண்டும்.

ஏன் லினக்ஸ்?

கணினியின் வன்பொருளையும் மென்பொருளையும் இணைத்து இயக்குவது இயங்குதளம். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை உருவாக்கி வருவதாக 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அறிவித்தார். அதுவே லினக்ஸ். அதற்கு முன்பே, 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டம், யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கி வந்தது. டோர்வால்ட்ஸின் உட்கருவும் குனு திட்டத்தின் கருவிகளும் இணைந்து முழுமையான இயங்குதளம் ஆயின.

லினக்ஸின் மூலநிரல் திறந்திருப்பதால், தயாரிப்பாளர்கள் தேவையற்ற பகுதிகளை நீக்கிச் சிறிய கணினிக்கு ஏற்ப அதை வடிவமைக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. குறை தென்பட்டால் உலகின் எந்த மூலையிலுள்ள வல்லுநரும் அதைக் கண்டறிந்து திருத்தலாம். ஆண்ட்ராய்டு திறன்பேசிகள் லினக்ஸ் உட்கருவின்மீதே இயங்குகின்றன. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் செவ்வாய்க் கோளில் பறந்த இன்ஜெனுயிட்டி என்னும் சிறு உலங்கூர்தியிலும் லினக்ஸே இயங்கியது.

நிறுவியாகிவிட்டது, ஆனால் வேலை முடியவில்லை

இக்கணினிகள் ஆலையிலிருந்து வரும்போதே லினக்ஸ் நிறுவப்பட்டு வருகின்றன. மின்சாரம் கொடுத்தவுடன் அவை இயங்கத் தொடங்கும். இதனால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. புதிதாகக் கட்டிய வீட்டில் கதவும் பூட்டும் இருக்கலாம். ஆனால், அதே பூட்டும் அதே சாவியும் அந்தக் குடியிருப்பின் எல்லா வீடுகளுக்கும் பொருந்துமானால், அங்கே எவர் நிம்மதியாக உறங்க முடியும்? ஆலையிலிருந்து வரும் கணினியின் நிலையும் அதுவே. அதன் கடவுச்சொல், வலையமைப்பு முகவரி, நேரம் ஆகிய யாவும் பொதுவானவை. அது எந்த ஆற்றங்கரைக்குச் செல்லப்போகிறது என்பதை ஆலை அறியாது.

கிள்ளான் ஆற்றின் பாலம் ஒன்றில் நீர்மட்ட உணரி பொருத்தப்படுவதாகவும், அதன் அளவீட்டை இக்கணினி படித்து அனுப்ப வேண்டும் என்றும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பணி பாலத்தில் தொடங்குவதில்லை. பயிற்சிக்கூட மேசையில் தொடங்குகிறது.

முதல் இணைப்பு

முதலில் கணினியின் பெயர்ப்பட்டையையும் கையேட்டையும் படிக்க வேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். தொழில்துறைக் கணினிகள் பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட் நேர்த்திசை மின்சாரத்தில் இயங்குகின்றன. நேர்முனையும் எதிர்முனையும் மாறிவிடாமல் இணைப்பதும், நிலத்தொடுப்புக் கம்பியைப் பொருத்துவதும் இன்றியமையாதவை. உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளுள் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. எனவே, நிலத்தொடுப்பை ஒரு சடங்காகக் கருதிப் புறக்கணிக்கக்கூடாது.

திரையில்லாத கணினியோடு எவ்வாறு உரையாடுவது? அதற்கென ‘கன்சோல்’ எனப்படும் சீரியல் முனையம் உள்ளது. ஒரு கம்பியின் வழியாக அதை மடிக்கணினியோடு இணைத்து, முனைய மென்பொருளைத் திறக்க வேண்டும். இரண்டு பக்கங்களும் ஒரே வேகத்தில் பேசினால்தான் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். பல கருவிகளில் அவ்வேகம் நொடிக்கு 115200 பிட்டுகள். வேகம் தவறாக இருந்தால் திரையில் பொருளற்ற குறியீடுகள் தோன்றும். அதைக் கண்டு கணினி பழுதடைந்துவிட்டது என முடிவு செய்யக்கூடாது. வேகத்தைச் சரிபார்க்க வேண்டும்.

மின்சாரம் கொடுத்ததும் திரையில் வரிகள் ஓடும். முதலில் தொடக்க நிரல் விழித்து, நினைவகத்திலிருந்து லினக்ஸ் உட்கருவை எழுப்புகிறது. உட்கரு வன்பொருள்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறது. பின்னர்க் கோப்புகளைத் திறக்கிறது. அடுத்து, பின்னணிச் சேவைகள் தொடங்குகின்றன. இறுதியில் பயனர் பெயரைக் கேட்டு நிற்கிறது. கவனமுள்ள தொழில்நுட்பர் இவ்வரிகளைக் கோப்பாகச் சேமித்துக்கொள்வார். பிற்காலத்தில் சிக்கல் எழுந்தால், நலமாக இருந்தபோது எடுத்த இந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாற்ற வேண்டிய முதல் பொருள்

கையேட்டில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். அக்கையேடு இணையத்திலும் கிடைக்கும். அதாவது, அந்தக் கடவுச்சொல் உலகம் அறிந்த இரகசியம்.

இதன் விளைவை 2016ஆம் ஆண்டில் உலகம் கண்டது. மிராய் என்னும் தீநிரல் இணையத்தில் அலைந்து, கண்காணிப்புக் கேமராக்கள், இணைய வழிச்செலுத்திகள் முதலிய லினக்ஸ் கருவிகளைத் தேடியது. தன்னிடமிருந்த ஏறத்தாழ 60 ஆலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. மாற்றப்படாத கடவுச்சொல் பொருந்தியவுடன் அக்கருவியைத் தன் வசப்படுத்தியது. அவ்வாறு அடிமைப்பட்ட கருவிகள் 2016ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் டின் என்னும் இணைய நிறுவனத்தைத் தாக்கின. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற புகழ்பெற்ற தளங்களும் பலருக்குக் கிடைக்காமல் போயின. அந்தக் கருவிகளின் உரிமையாளர்கள் எவரும் தீங்கு செய்ய எண்ணவில்லை; கடவுச்சொல்லை மாற்றவில்லை, அவ்வளவே.

இதன்பின் சட்டங்களும் மாறின. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே ஆலைக் கடவுச்சொல்லை வைக்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் கலிபோர்னியாவில் 2020ஆம் ஆண்டிலும், பிரிட்டனில் 2024ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவில் 2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்புகளைப் பாதுகாக்கும் பொறுப்பை வரையறுக்கிறது.

ஆகவே, உள்நுழைந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவதே. அடுத்து, அன்றாடப் பணிக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்க வேண்டும். லினக்ஸில் ‘ரூட்’ என்னும் தலைமைப் பயனருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. ஒரே கட்டளையால் எல்லாவற்றையும் அழித்துவிடவும் முடியும். எனவே, வெளியிலிருந்து ரூட் கணக்கில் நேரடியாக நுழைய இயலாதவாறு அதைப் பூட்டிவைப்பது நல்லது.

முகவரியும் கதவுகளும்

வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி வேண்டும். புதிய கணினிக்கு 192.168 எனத் தொடங்கும் முகவரி ஒன்று ஆலையிலேயே தரப்பட்டிருக்கலாம். இவை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பயன்படுத்த ஒதுக்கப்பட்ட தனி முகவரிகள். கணினியின் முகவரி 192.168.1.10 என்றால், மடிக்கணினிக்கு 192.168.1.20 என்பதுபோல் அதே குடும்பத்தைச் சேர்ந்த முகவரி அமைய வேண்டும். இல்லையெனில், அருகருகே கம்பியால் இணைந்திருந்தும் இரண்டும் ஒன்றையொன்று காணா.

இணைப்புக் கிடைத்தபின், சீரியல் கம்பிக்குப் பதிலாக எஸ்.எஸ்.எச். என்னும் முறையைப் பயன்படுத்தலாம். 1995ஆம் ஆண்டு பின்லாந்தின் தாத்து இலோனென் இதை உருவாக்கினார். அதற்கு முன் பரவலாக இருந்த டெல்நெட் முறையில் கடவுச்சொல் வெளிப்படையான எழுத்துகளாகவே கம்பியில் பயணம் செய்தது. இடையில் ஒட்டுக்கேட்பவர் அதை எளிதாகப் படித்துவிடலாம். எஸ்.எஸ்.எச். முறையோ எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்புகிறது.

பிறகு, தேவையற்ற கதவுகளை மூட வேண்டும். எந்தெந்தச் சேவைகள் வெளியுலகின் அழைப்புக்குச் செவிசாய்த்துக் காத்திருக்கின்றன என்பதைப் பட்டியலிட்டு, பணிக்குத் தேவையில்லாதவற்றை நிறுத்திவிட வேண்டும். தீச்சுவர் மென்பொருளை இயக்க வேண்டும். கணினி ஆலையை விட்டு வந்த பிறகு வெளியான பாதுகாப்புத் திருத்தங்களையும் நிறுவ வேண்டும். திருத்தங்களை நிறுவுமுன், இயங்குதளத்தின் முழுப்படியை எடுத்து வைத்துக்கொள்வது அனுபவமுள்ளோரின் வழக்கம்.

நேரம் பிழைத்தால்

கணினியின் கடிகாரம் சரியாக இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று சிலர் நினைக்கலாம். புதிய கருவிகள் பெரும்பாலும் உலகப் பொதுநேரத்தில் அமைக்கப்பட்டே வருகின்றன. மலேசிய நேரம் அதைவிட 8 மணி முந்தியது. 18ஆம் நாள் அதிகாலை 2 மணிக்கு ஆறு பெருகினால், திருத்தப்படாத கணினி அதை 17ஆம் நாள் மாலை 6 மணி எனப் பதிவு செய்யும். மேல்நிலையத்தின் பதிவும் கீழ்நிலையத்தின் பதிவும் வெவ்வேறு நேரத்தில் இருந்தால், வெள்ளம் எத்தனை மணி நேரத்தில் கீழே வந்து சேரும் என்பதைக் கணக்கிடவே முடியாது.

எனவே, நேரமண்டலத்தை ‘ஆசியா, கோலாலம்பூர்’ எனத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் நேரம் ஒரு காலத்தில் உலகப் பொதுநேரத்தைவிட ஏழரை மணி முந்தியதாக இருந்தது. சபா, சரவாக்குடன் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதற்காக, 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அது 8 மணியாக மாற்றப்பட்டது. லினக்ஸ் பயன்படுத்தும் நேரமண்டலத் தரவில் இம்மாற்றமும் பதிவாகியுள்ளது.

இணையத்திலுள்ள நேரச் சேவையகத்தோடு கணினி தன் கடிகாரத்தை அவ்வப்போது ஒத்துப்பார்க்குமாறு அமைக்க வேண்டும். இணையம் துண்டிக்கப்பட்டாலும், உள்ளிருக்கும் சிறு மின்கலம் கடிகாரத்தை ஓடவைக்கும். அந்த மின்கலம் நலமாக உள்ளதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

உணரியோடு பேசுதல்

நீர்மட்ட உணரிகள் பல, ஆர்.எஸ்.485 என்னும் இருகம்பி இணைப்பைப் பயன்படுத்துகின்றன. இவ்விணைப்பு ஏறத்தாழ 1200 மீட்டர் தொலைவு வரை செல்லும். மின் இரைச்சலையும் நன்கு தாங்கும். அதன்மீது பேசப்படும் மொழி பெரும்பாலும் மோட்பஸ். 1979ஆம் ஆண்டில் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக உருவான இம்மொழி இன்றும் வழக்கிலுள்ளது. கணினி ஓர் எண்ணைக் குறிப்பிட்டு அழைக்கிறது. அந்த எண்ணுக்குரிய உணரி மட்டும் விடையளிக்கிறது. விடை வரவில்லையென்றால், இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றனவா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

விடை வந்துவிட்டாலும் அதன் பொருளை உணர்ந்துகொள்ள வேண்டும். பாலத்தின் அடியில் பொருத்தப்படும் ரேடார் உணரி ஆற்றின் ஆழத்தை அளப்பதில்லை. தனக்கும் நீர்ப்பரப்புக்கும் இடைப்பட்ட தொலைவையே அளக்கிறது. உணரி, அளவைக் குறியிலிருந்து 8 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், அது 4575 மில்லிமீட்டர் என்னும் எண்ணை அனுப்புவதாகவும் கொள்வோம். 8 மீட்டரிலிருந்து 4.575 மீட்டரைக் கழித்தால் கிடைக்கும் 3.425 மீட்டரே நீர்மட்டம். கழிக்க மறந்து, வந்த எண்ணையே நீர்மட்டமாகக் காட்டினால் என்ன ஆகும்? ஆறு உயர உயர, திரையில் எண் குறைந்துகொண்டே போகும். வெள்ளம் வரும் வேளையில் நீர் வடிகிறது என்று கணினி அறிவிக்கும். ஒரு கழித்தல் குறி ஓர் ஊரையே ஏமாற்றிவிடக்கூடும்.

தானே எழுந்து நிற்க

ஆற்றங்கரையில் கணினியைத் தொடங்கிவைக்க ஆள் இருக்கமாட்டார். ஆகவே, நீர்மட்டத்தைப் படிக்கும் நிரல், மின்சாரம் வந்தவுடன் தானே தொடங்குமாறு லினக்ஸில் ஒரு சேவையாகப் பதிவு செய்யப்படுகிறது. நிரல் ஏதேனும் பிழையால் நின்றுவிட்டால், சில நொடிகளில் அதை மீண்டும் தொடங்குமாறும் கட்டளையிடலாம்.

கணினி முழுவதுமே உறைந்துவிட்டால்? அதற்காகவே ‘வாட்ச்டாக்’ என்னும் வன்பொருள் கடிகாரம் உள்ளது. குறிப்பிட்ட இடைவெளிக்குள் நிரல் “நலம்” என்று அதற்கு அடையாளம் காட்ட வேண்டும். அடையாளம் வராவிட்டால், அது எவரையும் கேட்காமல் கணினியை அணைத்து மீண்டும் இயக்கிவிடும். பல தொழில்துறைக் கணினிகளில் இந்த வசதி இருந்தும் அது இயக்கப்படாமல் வரும். அதை இயக்கிவைப்பது பொருத்துபவரின் கடமை.

நினைவகத்தையும் பேண வேண்டும். நிமிடத்திற்கு ஒருமுறை அளந்தால், நாளொன்றுக்கு 1440 அளவீடுகள். ஓர் ஆண்டில் 525,600 அளவீடுகள். நினைவகச் சில்லின் ஒவ்வோர் அறையிலும் வரையறுக்கப்பட்ட தடவைகளே எழுத முடியும். ஆகவே, அன்றாடக் குறிப்புகளைத் தற்காலிக நினைவகத்தில் சேர்த்துவைத்து, இடைவெளி விட்டு மொத்தமாக எழுதுவது சில்லின் ஆயுளை நீட்டிக்கும். இயங்குதளம் இருக்கும் பகுதியை ‘படிக்க மட்டும்’ என்னும் நிலையில் வைத்தால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டுக் கோப்புகள் சிதைவதையும் தவிர்க்கலாம்.

தமிழில் ஓர் எச்சரிக்கை

அபாய நிலையை எட்டியதும் குறுஞ்செய்தி அனுப்புமாறு இக்கணினியை அமைக்கலாம். அதைத் தமிழிலும் அனுப்ப முடியும். லினக்ஸ் பிறந்த அதே 1991ஆம் ஆண்டில் வெளியான யூனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. கணினித் தமிழ் வளர்ச்சியில் மலேசியாவுக்கும் பங்குண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் உலகத் தமிழரிடையே பரவியது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

ஆயினும், கணினி எழுத்துகளை எண்ணும் முறை இலக்கண முறையிலிருந்து வேறுபட்டது. ‘கிள்ளான்’ என்னும் சொல்லில் கி, ள், ளா, ன் என நான்கு எழுத்துகள் உள்ளன. யூனிகோடில் க, இகரக் குறி, ள, புள்ளி என ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணப்படுவதால் அதே சொல் எட்டு இடங்களைப் பிடிக்கிறது. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 இடங்கள் மட்டுமே உண்டு. “அபாயம்: கிள்ளான் ஆறு உயர்கிறது. மேட்டுக்குச் செல்லவும்.” என்னும் செய்தி 55 இடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. சுருங்கச் சொல்லி விளங்க வைக்கும் திறன், கணினித் துறையிலும் தேவைப்படுகிறது.

இறுதிச் சோதனை

எல்லாம் முடிந்தபின், மேசையிலேயே கணினியைச் சோதிக்க வேண்டும். மின்கம்பியைத் திடீரெனப் பிடுங்கி, மீண்டும் இணைத்துப் பார்க்க வேண்டும். கைவைக்காமலே அது பணியைத் தொடர்கிறதா? இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பொருத்த வேண்டும். இடைப்பட்ட அளவீடுகளைச் சேமித்துவைத்துப் பின்னர் அனுப்புகிறதா? உணரியின் முன் ஒரு பலகையைப் பிடித்து, மெல்ல அருகில் கொண்டுவர வேண்டும். திரையில் நீர்மட்டம் உயர்கிறதா, தாழ்கிறதா? உயர்ந்தால் கணக்குச் சரி.

கடைசியாக, செய்த மாற்றங்கள் அனைத்தையும் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். முகவரி என்ன, எந்தப் பதிப்பு நிறுவப்பட்டது, உணரியின் உயரம் எவ்வளவு, எந்தச் சேவை எதற்காக நிறுத்தப்பட்டது என்பன அக்குறிப்பில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாமல் தனியே பாதுகாப்பாக வைக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பழுதுபார்க்க வருபவர் வேறொருவராக இருப்பார். அன்று மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அவருக்கு வழிகாட்டப்போவது அந்தக் குறிப்பேடு மட்டுமே.

மின்னியல், கணினி, வலையமைப்பு ஆகியவற்றைக் கற்கும் மாணவர்களுக்கு இத்துறையில் வேலைவாய்ப்புகள் உள்ளன. தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இதைப் பயிலலாம். லினக்ஸ் கட்டற்ற மென்பொருள் என்பதால், பழைய கணினி ஒன்றில் அதை நிறுவி வீட்டிலேயே பழகவும் முடியும். கட்டளைகளை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், ஒவ்வொரு படியும் ஏன் தேவைப்படுகிறது என்று அறிந்துகொள்வதே முக்கியம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது முன்னோர் அறிவுரை. இக்காலத்தில் அணை என்பது மண்ணாலும் கல்லாலும் மட்டும் கட்டப்படுவதன்று. மாற்றப்பட்ட ஒரு கடவுச்சொல், திருத்தப்பட்ட ஒரு கடிகாரம், மறக்காமல் இடப்பட்ட ஒரு கழித்தல் குறி ஆகியவையும் அணையின் கற்களே. கரையோர வீடுகளில் மக்கள் உறங்கும் நள்ளிரவில், அந்தச் சிறு கணினி தன் அடுத்த அளவீட்டை எடுத்துக்கொண்டிருக்கும்.